சுழிவரிசை

ஓனியில் மூன்றாம் நாளாகப் பனி நிற்கவில்லை.
தண்ணீர் அடைக்கும் தொழிற்சாலையில்
பதினாறு மோட்டாரில் நான்கு எரிந்து போயின.
மின்நிறுவனத்தின் பதில் தயாராக இருக்கிறது, ஒரே வரி:
உங்கள் ஃபியூஸ், உங்கள் பொறுப்பு.

அந்த வரிக்குக் கீழே ஒரு கையெழுத்து வேண்டும்.
அதற்குத்தான் லமாரா வந்திருக்கிறாள்
குதாயிசியிலிருந்து ஆறு மணி நேரம்,
சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியில்.

துணைமின்நிலையத்தில் நுக்ஸார் மட்டும்.
இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.
"நான் எதையும் தொடவில்லை" என்கிறான்,
அவள் கேட்பதற்கு முன்பே.

ரிலேயின் பதிவைத் திறக்கிறாள்.
மஞ்சள், பச்சை, சிவப்பு.
ஒன்றின் குதிகாலை இன்னொன்று மிதிக்காமல்
நூற்றிருபது பாகை தள்ளித் தள்ளி ஓடியவை.
நள்ளிரவு கடந்து பன்னிரண்டாம் நிமிடம்
சிவப்பு படுத்துவிட்டது.
கோடு. வெறும் கோடு.
மற்ற இரண்டும் கோணிக்கொண்டு
நாற்பத்தொரு நிமிடம்.

கோணலைக் கோணலாகவே பார்த்தால் கணக்கு பிடிபடாது.
மூன்று ஒழுங்குகளாகப் பிரிக்க வேண்டும்:
சுழலும் திசையிலேயே சுற்றும் ஒரு மூவர்,
எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு மூவர்,
பிறகு, முன்பின் இல்லாமல்
ஒன்றாய் எழுந்து ஒன்றாய் விழும் மூவர்.
எந்தக் கோணலும் இந்த மூன்றின் கூட்டுத்தொகை.
படிக்கும்போது லமாரா இதை நம்பவில்லை.
தேர்வுக்கு மட்டும் நம்பினாள்.

மருந்துக்கடை ரசீதின் பின்புறம் எழுதுகிறாள்.
சிவப்பில் நேர்வரிசை தொண்ணூற்றொரு ஆம்பியர்.
எதிர்வரிசை எழுபது.
எழுபது!
இதுதான் மோட்டாரைத் தின்றது.
சுழலியின் இரும்புக்குள் புகுந்து பின்னால் இழுத்து
வேலை எதுவும் செய்யாமல் சூடு மட்டும் செய்தது.
இதுவரை யாருக்கும் சண்டையில்லை.
ஃபியூஸ் போனாலும் எதிர்வரிசை வரும்,
கம்பி அறுந்தாலும் வரும்.
எரித்தது எது என்று அது சொல்லும்,
எங்கிருந்து வந்தேன் என்று சொல்லாது.

மிச்சம் மூன்றாவது.
பிழை தொழிற்சாலைக்குள் என்றால்
அங்குள்ள டெல்டா சுற்று அதை வெளியே விடாது.
உயரழுத்தக் கம்பியில் அது தென்படவே கூடாது.
கூட்டுகிறாள், மூன்றால் வகுக்கிறாள்.
இருபத்தொன்று.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி.
இருபத்தொன்று.

சுழி என்று யார் பெயர் வைத்தார்களோ.
ஒன்றுமில்லை என்று காலை வைக்கலாம்;
கீழே ரியோனி ஆற்றில்
பனிக்கட்டி விளிம்பருகே சுற்றிக்கொண்டிருப்பதும் சுழிதான்.
மூன்று இருபத்தொன்று, அறுபத்துமூன்று ஆம்பியர்
நியூட்ரல் வழியாக மண்ணில் இறங்கி,
கல்லறைகளுக்கும் உருளைக்கிழங்குக் குழிகளுக்கும் அடியில்
வீடு திரும்பிக்கொண்டிருந்தது,
மேலே தூங்கிய எவர் காலிலும் படாமல்.

அறுந்தது நம் கம்பி.

"சிவப்பில்தான் ஒன்றுமே ஓடவில்லையே" என்கிறான் நுக்ஸார்.
"ஓடுகிறது. தொண்ணூற்றொன்று முன்னே போகிறது,
எழுபதும் இருபத்தொன்றும் எதிரே வருகின்றன.
அந்த ஒன்றுமில்லாமைக்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.
கெட்டில் கொதித்து அடங்குகிறது.
"மணி அடித்தது" என்கிறான் பிறகு.
"காற்றடித்தாலும் அடிக்கிற மணி அது.
காகம் உட்கார்ந்தாலும் அடிக்கும்.
நிறுத்திவிட்டேன்."

அவளுக்குத் தெரியும். பதிவில் அதுவும் இருந்தது:
பதினைந்தாம் நிமிடம், எச்சரிக்கை அணைக்கப்பட்டது.

அச்சடித்த வரியை அடித்துவிட்டு
மேலே எழுதுகிறாள்: முறிவு நம் பக்கம்.
அதன்கீழ், இந்த மணி சென்ற ஆண்டு
பொய்யாக அடித்த நானூற்றுச் சொச்சம் முறை,
பழுதுபார்க்கக் கேட்டு இவன் அனுப்பிய மூன்று கடிதங்களின் தேதி.

"என் பெயர் வருமா?"
"நேரம் வரும்.
யார் பணியில் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்."

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு, கழற்றி,
மறுபடி ஆணியில் தொங்கவிடுகிறான்.
பலகையில் மூன்று முட்களும் ஒன்றுபோல நிற்கின்றன.
சிவப்பு மட்டும் இரண்டு ஆம்பியர் குறைவு.